கேள்வித்தாள் தயாரிக்கும் முன் கோட்பாட்டைத் தேர்ந்தெடுங்கள்

காட்பாடி, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் நர்சிங், சமூகப்பணி, பொதுச் சுகாதாரம், மேலாண்மை என்று பல துறைகளில் படிக்கும் முதுகலை, பிஎச்டி மாணவர்களின் ஆய்வு முன்மொழிவுகளைப் படித்து, புள்ளியியல் பகுதியைச் சரிசெய்து கொடுப்பது என் வேலை. இந்த வேலையில் அடிக்கடி காதில் விழும் வரி இது: "சார், எல்லாம் முடிஞ்சிடுச்சு, கேள்வித்தாள்கூட ரெடி. கைடு ஒரு தியரி சேர்க்கச் சொல்றாங்க, எது போட்டா பொருந்தும்னு சொல்லுங்க."

கேட்கிற மாணவர் மேல் தப்பில்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட பழைய ஆய்வேட்டில் அப்படித்தான் இருக்கிறது. இரண்டாம் அத்தியாயத்தின் கடைசியில் நாலைந்து கட்டங்கள், அவற்றை இணைக்கும் அம்புக்குறிகள், கீழே 'இன்னாருடைய கோட்பாட்டிலிருந்து மாற்றியமைக்கப்பட்டது' என்று ஒரு குறிப்பு. நர்சிங் ஆய்வேடுகளில் உள்ளீடு, செயல்முறை, வெளியீடு என்று மூன்று கட்டம் இருக்கும், பெர்டலன்ஃபியின் பொது அமைப்புக் கோட்பாடு என்று பெயர் இருக்கும். அதற்கப்புறம் வரும் கருதுகோளிலும் (ஆய்வில் சோதிக்கப்போகும் முன்யூகம்) அட்டவணையிலும் அந்தப் படத்தில் உள்ள ஒரு சொல்லைக்கூடப் பார்க்க முடியாது. படத்தைக் கிழித்துப் போட்டாலும் ஆய்வில் எதுவும் மாறாது என்றால், அந்தக் கோட்பாடு அங்கே எந்த வேலையும் செய்யவில்லை என்றுதானே பொருள்?

இதை வெறும் பக்கம் நிரப்பும் பழக்கம் என்று என்னால் விட முடியவில்லை, ஏனென்றால் இதன் விலையைக் கொடுப்பது மாணவரோ கைடோ இல்லை, பதில் சொல்கிறவர்கள். பேரணாம்பட்டில் பீடி சுற்றுகிற ஒரு அம்மாவுக்குச் சுற்றிய பீடிக்குத்தான் கூலி, நம் எழுபது கேள்விக்குப் பதில் சொல்ல அவர் கொடுக்கும் முக்கால் மணி நேரத்துக்கு யாரும் கூலி தருவதில்லை. அந்த எழுபதில் நாற்பது கேள்வி எதற்காகக் கேட்கப்பட்டது என்று கேட்டவருக்கே தெரியாது என்பது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

சரி, அளவுசார் ஆய்வில், அதாவது எண்களால் அளந்து செய்யும் ஆய்வில், கோட்பாடு என்ன வேலை செய்ய வேண்டும்? 'இது கூடினால் அது கூடும், ஏனென்றால் இன்ன காரணத்தால்' என்று முன்கூட்டியே ஒரு வாக்கியத்தைச் சொல்ல வேண்டும். அந்த 'ஏனென்றால்' இருந்தால்தான் அது கோட்பாடு. பண்புசார் ஆய்வில் பேட்டிகளிலிருந்து கோட்பாட்டைக் கடைசியில் கட்டி எழுப்பலாம், கிளேசர், ஸ்ட்ராஸ் என்ற சமூகவியலாளர்கள் 1967-இல் சொன்ன வழி அதுதான். அளவுசார் ஆய்வில் அது நடக்காது. கோட்பாடு முதலில் வர வேண்டும், அதிலிருந்து கருதுகோள், அதிலிருந்து மாறிகள் (அளக்கப்போகும் விஷயங்கள்), மாறிகளிலிருந்து கேள்விகள். குடியாத்தத்தில் தறி ஓட்டுகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், பாவு ஏற்றாமல் ஊடையை எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் துணி வராது.

நம் மாணவர்கள் அதிகம் பயன்படுத்தும் உடல்நல நம்பிக்கை மாதிரி (Health Belief Model என்ற கோட்பாடு) எப்படிப் பிறந்தது என்று தெரிந்துகொண்டால் இது இன்னும் தெளிவாகும். 1950-களில் அமெரிக்காவில் காசநோயைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரே வண்டிகளைத் தெருவுக்கே அனுப்பினார்கள். இலவசம்தான், வீட்டுப் பக்கத்திலேயேதான், ஆனாலும் எதிர்பார்த்த அளவுக்கு ஆட்கள் வரவில்லை. அரசுச் சுகாதாரத் துறையில் இருந்த ஹாக்பாம் என்ற சமூக உளவியலாளர் மூன்று நகரங்களில் 1,000-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டுப் பார்த்தார். தனக்குக் காசநோய் வரக்கூடும், முன்னாலேயே கண்டுபிடித்தால் நன்மை உண்டு என்ற இரண்டையும் நம்பியவர்களில் 82 சதவீதம் பேர் தாமாகவே எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். இரண்டையும் நம்பாதவர்களில் 21 சதவீதம். ஆக, ஒரு நிஜமான குழப்பத்துக்கு விடை தேடிப் போனபோதுதான் அந்த மாதிரி உருவானது. நோய் வரக்கூடும் என்ற நினைப்பு, வந்தால் எவ்வளவு கடுமை, செய்வதால் என்ன நன்மை, குறுக்கே என்ன தடை, செயலைத் தூண்டுவது எது என்று அதில் உள்ள ஒவ்வொரு பகுதியும் ஏதோ ஒரு 'ஏன் வரவில்லை' என்ற கேள்விக்கான பதில். 1988-இல் தன்னால் முடியும் என்ற நம்பிக்கையையும் சேர்த்தார்கள், அது உளவியலாளர் பண்டூரா 1977-இல் சொன்ன கருத்து.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்றாலே தோல்தான், ஆகவே டேனரி, அதாவது தோல் பதனிடும் ஆலைத் தொழிலாளர்களின் கையுறைப் பயன்பாடு பற்றி ஒரு முன்மொழிவை எடுத்துக்கொள்வோம். குரோமியம் உப்பும் சுண்ணாம்பும் தொடர்ந்து படுவதால் தோலில் அரிப்பு, புண், வெடிப்பு வருவது தெரிந்த விஷயம். வழக்கமான முன்மொழிவு 'அறிவு, மனப்பான்மை, நடைமுறை' என்று தலைப்பு வைத்து, அறிவுக்கு இருபது கேள்வி, மனப்பான்மைக்கு இருபது, நடைமுறைக்கு இருபது, அப்புறம் வயது, மதம், படிப்பு, வருமானம், குடும்ப வகை என்று பத்து விவரம் கேட்டு, எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் கை ஸ்கொயர் (இரண்டு விவரங்களுக்குள் தொடர்பு உண்டா என்று பார்க்கும் புள்ளியியல் சோதனை) போட்டுப் பார்க்கும். இருபது சோதனை போட்டால், நிஜத்தில் எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும், 5 சதவீத அளவில் ஒன்றாவது 'முக்கியத்துவம் உள்ளது' என்று தற்செயலாக வருவதற்கு 64 சதவீத வாய்ப்பு உண்டு (அந்தச் சோதனைகள் ஒன்றையொன்று சாராதவை என்று வைத்துக்கொண்டால்). அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு ஐந்தாம் அத்தியாயத்தில் இரண்டு பக்கம் விளக்கம் எழுதுவார்கள். கூட்டுக் குடும்பத்தில் இருப்பவர் கையுறை அதிகம் போடுகிறார் என்று வரும், ஏன் என்று யாராலும் சொல்ல முடியாது.

இதையே சமூக உளவியலாளர் ஐசெக் ஐசன் 1991-இல் விரிவாக எழுதிய திட்டமிட்ட நடத்தைக் கோட்பாட்டை வைத்து ஆரம்பித்துப் பாருங்கள். ஒருவர் ஒரு செயலைச் செய்வாரா என்பதை அவருடைய நோக்கம் முன்கூட்டிக் காட்டும். அந்த நோக்கத்துக்குப் பின்னால் மூன்று விஷயம்: அந்தச் செயல் பற்றிய மனப்பான்மை, தனக்கு வேண்டியவர்கள் தன்னிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்ற உணர்வு, அது தன் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்ற உணர்வு. முன்மொழிவில் இதை இப்படி எழுதலாம்: 'இந்த ஆய்வு திட்டமிட்ட நடத்தைக் கோட்பாட்டைப் பயன்படுத்துகிறது. இதன்படி, கையுறை அணிவது தன் கையில்தான் இருக்கிறது என்று ஒரு தொழிலாளி எவ்வளவு உணர்கிறாரோ அந்த அளவுக்கு அதை அணியும் நோக்கம் அவரிடம் கூடும், ஏனென்றால் செய்ய முடியாது என்று தோன்றுவதை மனிதர்கள் திட்டமிடுவதில்லை. மேற்பார்வையாளரும் உடன் வேலை செய்பவர்களும் அணிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதாக அவர் உணர்ந்தால் நோக்கம் மேலும் கூடும்.' இந்தப் பத்தி இருந்தால் சாரா மாறிகள் (காரணங்கள்) எவை, சார்ந்த மாறி (விளைவு) எது, இடையில் நிற்பது எது என்பதெல்லாம் தானாக வந்துவிடும். மதமும் குடும்ப வகையும் எதற்கு என்ற கேள்வியும் தானாக எழும்.

அது மட்டுமில்லை, ஆய்வின் வடிவத்தையே கோட்பாடு மாற்றிவிடும். நோக்கம் முன்னால், செயல் பின்னால் என்று கோட்பாடு சொல்கிறது. அப்படியென்றால் ஒரே நாளில் போய் 'போட நினைக்கிறீர்களா? போடுகிறீர்களா?' என்று இரண்டையும் கேட்டுவிட்டு வந்தால் அது கோட்பாட்டைச் சோதித்ததாகாது. நோக்கத்தை இன்றைக்குக் கேட்க வேண்டும், ஒரு மாதம் கழித்துத் திரும்பப் போய் போடுகிறாரா என்று பார்க்க வேண்டும், முடிந்தால் வாயால் கேட்காமல் வேலை நேரத்தில் கண்ணால் பார்க்க வேண்டும். இது கூடுதல் வேலைதான், ஆனால் முன்மொழிவுக் கட்டத்திலேயே தெரிந்தால் நிர்வாகத்திடம் இரண்டு முறைக்கும் சேர்த்து அனுமதி வாங்கிவிடலாம்.

கேள்வியின் வாசகமும் அப்படித்தான். 'கையுறை நல்லதா?' என்று கேட்டால் எல்லோரும் நல்லது என்றுதான் சொல்வார்கள். எந்தச் செயல், எங்கே, எந்தக் காலத்துக்குள் என்று சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது ஐசன் அழுத்திச் சொல்வது: 'அடுத்த ஒரு மாதம் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்யும்போதெல்லாம் கையுறை அணிவது உங்களுக்கு எவ்வளவு எளிது?' அதற்கும் முன்னால், எந்த நம்பிக்கைகளைக் கேட்பது என்பதை வெளிநாட்டுக் கேள்வித்தாளிலிருந்து அப்படியே எடுக்காமல் அங்கே வேலை செய்கிற சிலரிடம் திறந்த கேள்வியாகக் கேட்டுவிட்டு வர வேண்டும். ஈரத் தோல் வழுக்குகிறது, வேகம் குறைகிறது, மே மாத வெயிலில் உள்ளே வேர்த்து இன்னும் அரிக்கிறது என்று அவர்கள் சொல்வார்கள். எந்த ஆங்கிலக் கேள்வித்தாளிலும் வேலூர் வெயில் இருக்காது.

மாதிரி அளவுக்கு, அதாவது எத்தனை பேரிடம் கேட்க வேண்டும் என்பதற்கு வருகிறேன். 384 என்ற எண்ணை எத்தனை முன்மொழிவுகளில் பார்த்திருக்கிறேன் என்று சொல்லி முடியாது. ஒரே ஒரு விகிதத்தை, 50 சதவீதம் இருக்கும் என்று வைத்துக்கொண்டு, 5 சதவீதப் பிழை எல்லையோடு, 95 சதவீத நம்பகத்தில் மதிப்பிடத் தேவையான அளவு அது. உங்கள் கருதுகோள் இரண்டு மாறிகளுக்கு இடையே உள்ள தொடர்பைப் பற்றியது என்றால் கணக்கு வேறு. வழக்கமான 5 சதவீத அளவில் 80 சதவீதத் திறனோடு (தொடர்பு நிஜமாக இருந்தால் அதைப் பிடிக்கும் வாய்ப்பு), 0.3 அளவிலான ஒட்டுறவைக் (இரண்டு மாறிகள் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்பதன் அளவு) கண்டுபிடிக்கச் சுமார் 85 பேர் போதும், 0.2 என்றால் சுமார் 194, 0.1 என்றால் 780-க்கும் மேல். எதை எதிர்பார்ப்பது என்று எப்படித் தெரியும்? அங்கேயும் கோட்பாடு கைகொடுக்கும். திட்டமிட்ட நடத்தைக் கோட்பாட்டை வைத்துச் செய்த 185 ஆய்வுகளை ஆர்மிடேஜும் கானரும் 2001-இல் தொகுத்துப் பார்த்தார்கள், ஆளுக்கு ஆள் நோக்கத்தில் உள்ள வேறுபாட்டில் 39 சதவீதத்தையும் செயலில் 27 சதவீதத்தையும் அது விளக்கியது. இப்படி ஒரு முன் எண் கையில் இருந்தால், ஆய்வுக்கு அனுமதி தரும் அறநெறிக் குழு 'ஏன் இத்தனை பேர்?' என்று கேட்கும்போது தலையைச் சொறிய வேண்டியதில்லை.

எனக்கு மிக முக்கியமாகப் படும் விஷயம் ஒன்று பாக்கி இருக்கிறது. கோட்பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போதே பொறுப்பு யார் மேல் விழும் என்பதையும் தேர்ந்தெடுத்துவிடுகிறோம். நிர்வாகம் கையுறையே கொடுக்காத இடத்தில் தொழிலாளியின் நம்பிக்கையை மட்டும் அளக்கும் கோட்பாட்டைக் கொண்டுபோனால், வரப்போகிற பரிந்துரை என்ன? 'தொழிலாளர்களுக்கு விழிப்புணர்வு தேவை.' வேறு எதுவும் வராது, ஏனென்றால் வேறு எதையும் நாம் அளக்கவே இல்லை. ஜவ்வாது மலையில் பிரசவத்துக்கு மருத்துவமனை போகாத பெண்களைப் பற்றி ஆய்வு செய்கிறவர் உடல்நல நம்பிக்கை மாதிரியை எடுத்தால் மலைமக்களின் மனதில் குறை தேடுவார். ஆண்டர்சன் 1968-இல் முன்வைத்த சேவைப் பயன்பாட்டு மாதிரியை எடுத்தால் முன்னிருக்கும் பண்புகள், வசதிகள், தேவை என்று மூன்றையும் பார்க்க வேண்டியிருக்கும், அந்த 'வசதிகள்' என்ற இடத்தில் சாலையும் பேருந்தும் கைச்செலவுக்குப் பணமும் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதே மலை, அதே பெண்கள், ஆனால் கலெக்டர் அலுவலகத்துக்குப் போகும் பரிந்துரை வேறு. இரண்டு மூன்று கோட்பாடுகளை எடுத்து, ஒவ்வொன்றும் எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்று அரைப் பக்கம் எழுதிய பிறகு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், அந்த அரைப் பக்கத்தை முன்மொழிவிலேயே வையுங்கள்.

தேர்ந்தெடுத்த பிறகு, தரவு இல்லாத வெற்று அட்டவணைகளை வரைந்துவிடுங்கள். ஒவ்வொரு கேள்விக்குப் பக்கத்திலும் அது கோட்பாட்டின் எந்தப் பகுதியை அளக்கிறது, எந்த அட்டவணைக்குப் போகிறது என்று பென்சிலால் எழுதுங்கள். எழுத முடியாத கேள்வியை எடுத்துவிடுங்கள். வயது, பால், வேலை செய்யும் பிரிவு போன்றவற்றைக் குழப்பும் காரணிகளாக (காரணம், விளைவு இரண்டையும் பாதித்து உண்மைத் தொடர்பை மறைக்கக்கூடியவை) சேர்ப்பதென்றால் அதற்கும் ஒரு வரி காரணம் வேண்டும்.

கடைசியாக, வைவா என்ற வாய்மொழித் தேர்வை நினைத்துப் பயப்படுகிறவர்களுக்கு. கோட்பாடு சொன்னபடி முடிவு வரவில்லை என்றால் ஆய்வு தோற்றுவிட்டது என்று நினைத்து, மாறியை மாற்றி, வகையைப் பிரித்து, ஏதாவது ஒரு பி மதிப்பு (தொடர்பே இல்லாவிட்டாலும் தற்செயலாக இப்படி ஒரு முடிவு வருவதற்கான வாய்ப்பு) 0.05-க்குக் கீழே வரும்வரை எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருள் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உடன் வேலை செய்பவர்களின் எதிர்பார்ப்புக்கும் நோக்கத்துக்கும் தொடர்பே இல்லை என்று வந்தால், ஒப்பந்தக் கூலிக்கு ஆட்கள் அடிக்கடி மாறும் டேனரியில் சக தொழிலாளியின் வார்த்தைக்கு எடை இல்லாமல் இருக்கலாம். அது அடுத்த ஆய்வுக்கான கருதுகோள். அப்படி ஒரு முடிவு வந்தால் என்ன எழுதுவீர்கள் என்பதை முன்மொழிவிலேயே, தரவு கைக்கு வருவதற்கு முன்னாலேயே, இரண்டு வரியில் எழுதித் தேதி போட்டு கைடிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.