மனசுக்குத்தானுங்க வந்தோம், எதுக்குங்க ஈசிஜி?

சித்திரை மாசம், ஈரோட்டு வெயிலு, அந்தப் புள்ள ஸ்வெட்டரப் போட்டுட்டு உக்காந்திருக்கு. (நாலஞ்சு பேரோட கதையக் கலந்துதான் சொல்றேன், யாரையும் தேட வேண்டாம்.) "ஆறு மாசமா சோறே திங்கறதில்லீங்க, கேட்டா டயட்டுங்கறா, சாப்ட்டதும் பாத்ரூம் போனா அரைமணி நேரம் வரமாட்டீங்கறா, மந்திரிச்சு கயிறும் கட்டியாச்சுங்க"ன்னு அம்மா சொல்றாங்க. நான் மனநல டாக்டருங்க, இப்படி சோத்த ஒதுக்கறதும் தின்னத வாந்தி எடுக்கறதும் ஈட்டிங் டிஸ்ஆர்டர்ங்கற மனநலக் கோளாறா இருக்கலாம். ஆனா பேசறதுக்கு முன்னாடி படுக்க வெச்சு நாடி பாத்தேன், ஈசிஜியும் எடுக்கணும்னேன். அப்பதான் அந்தக் கேள்வி வந்துச்சு, மனசுக்குத்தான வந்தோம்னு.

முழுசா ஒரு நிமிசம் எண்ணுனேன், 44. "நான் டெய்லி ஓடறேனுங்க, அதான்"னு புள்ள சொல்லுச்சு. ஓட்டக்காரங்களுக்கு நாடி மெதுவா இருக்கறது நெசந்தான், ஆனா எடை மளமளன்னு கொறஞ்சு, பீரியட்ஸ் நின்னு, வெயில்லயும் குளுருதுன்னா அது ஸ்ட்ராங்கான இதயம் இல்ல, பட்டினில உடம்பு அடுப்ப சிம்ல வெச்சிருக்கு. முழிச்சிருக்கும்போதே 50க்குக் கீழ போனா நான் உசாராயிருவேன், 40க்குக் கீழன்னா அவசரம். அப்பறம் எந்திரிச்சு நிக்கச் சொல்லி பிபி பாப்பேன், மேல இருக்கற நம்பர் 20க்கு மேல எறங்குதான்னு. குத்தவெச்சு உக்காந்து கைய ஊணாம எந்திரிக்கச் சொல்லுவேன், முடியலன்னா தசையே கரைஞ்சிருக்குன்னு அர்த்தம்.

வாந்தி எடுக்கறவங்களுக்கு கன்னம் பொன்னுக்குவீங்கி மாதிரி உப்பியிருக்கும், விரல் முட்டில தழும்பு இருக்கும், பல்லு தேஞ்சிருக்கும். திருடனப் புடிக்கற மாதிரி இதயெல்லாம் பாக்கறதில்லீங்க, வாந்தில பொட்டாசியம் எறங்குனா இதயத்துடிப்பு திடீர்னு தாறுமாறாயிரும், அந்த பயம்தான். ரத்தத்துல பொட்டாசியம் 3.5க்கு மேல இருக்கணும் (ரிப்போர்ட்ல mmol/Lனு போட்டிருக்கும்), 3க்குக் கீழன்னா நான் வீட்டுக்கு அனுப்பறதில்ல. ஈசிஜி எடுக்கறதும் அதுக்குத்தான். ஆனா பிளட் ரிப்போர்ட் நார்மல்னு வந்துட்டா நிம்மதியாகிராதீங்க, ரொம்ப மோசமான நெலமைலயும் நார்மலா காட்டும். ஆள் ஒல்லியா இல்லயேன்னும் விட்டராதீங்க, குண்டா இருந்தவங்க வேகமா எளச்சாலும் இதே ஆபத்துதான்.

எடை பாக்கறப்ப மெல்லிசு துணில, யூரின் போயிட்டு வரச் சொல்லுவேன், எடையக் கூட்டிக்காட்ட தண்ணியக் குடிச்சுட்டு வர்றதுண்டு. நம்பர் பாக்க பயமா இருந்தா திரும்பி நின்னுக்கலாம், வீட்டாளுக முன்னாடி சத்தமா சொல்லமாட்டேன்.

இனி முக்கியமானது. அன்னைக்கு புள்ளயோட அமுச்சி (அம்மாவப் பெத்த பாட்டி) கண்ணத் தொடச்சுட்டு, "நாளைல இருந்து அரிசிம்பருப்பு சோத்துல நெய்ய ஊத்தி, நாட்டுக்கோழி அடிச்சுப் போட்டு ஒரே வாரத்துல தேத்திப்போடறனுங்க"ன்னாங்க. பாசந்தான், ஆனா ரொம்ப நாள் பட்டினி கெடந்த உடம்புக்கு திடீர்னு நெறைய சாப்பாடு போனா இன்சுலின் ஏறி, ரத்தத்துல இருக்கற பாஸ்பேட்டும் பொட்டாசியமும் செல்லுக்குள்ள போயிரும், ரத்தத்துல சட்டுனு கொறஞ்சா இதயமும் மூச்சும் பாதிக்கும், உசுருக்கே ஆபத்து. அதனால அட்மிட் பண்ணி, தயமின் (வைட்டமின் பி1) குடுத்து, மொத நாள்கள்ல தெனமும் ரத்தம் பாத்து, படிப்படியாத்தான் கூட்டணும். அதுக்காக ஒண்ணும் குடுக்காம விடறதும் தப்பு, டாக்டர் சொல்ற அளவு குடுங்க.

மயக்கம், படபடப்பு, ரெண்டு நாளா பச்சத்தண்ணி மட்டும்னா, என் அப்பாயின்ட்மென்ட் தேதி வரைக்கும் காத்திருக்காம நேரா கேசுவால்டிக்குப் போங்க. வழி தெரியலன்னா 14416க்குப் போன் பண்ணுங்க, டெலிமானஸ்ங்கற அரசாங்க மனநல உதவி எண், தமிழ்ல பேசலாம். கேசுவால்டில கூச்சப்படாம "சாப்புடறதில்ல, வாந்தி எடுக்கற பழக்கம் இருக்கு"ன்னு வாய்விட்டு சொல்லுங்க. வெறும் மயக்கம்னு சொன்னா ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்தி அனுப்பிருவாங்க, இந்த உடம்புக்கு அந்த குளுக்கோஸே வெனையாயிரும்.