கொப்ளினுக்கு ஏன் தீராத பசி?

திருகோணமலையில், கோணேசர் கோயிலடியில் உள்ள இராவணன் வெட்டு என்ற மலைப்பிளவின் பாறை இடுக்குகளுக்குள் கொப்ளின் என்ற குள்ள இனம் குடியிருப்பதாக ஒரு கற்பனை உலகம் வைத்துக்கொள்வோம். கதைகளும் கணினி விளையாட்டுகளும் இவர்கள்மேல் சுமத்தும் பழி ஏறக்குறைய ஒன்றுதான்: கூட்டம் கூட்டமாக வருவார்கள், கண்டதையும் தின்பார்கள், களவெடுப்பார்கள், செங்குத்துப் பாறையிலும் தொற்றி ஏறுவார்கள். எனக்கு இதில் குணக்கேடு எதுவும் தெரியவில்லை. எல்லாம் உயரம் செய்கிற வேலை.

160 சென்டிமீட்டர் உயரமும் 56 கிலோ எடையும் உள்ள ஒருவரை, உடலமைப்பு மாறாமல் பாதி உயரத்துக்குச் சுருக்குங்கள். நீளம், அகலம், தடிப்பு மூன்றும் பாதியாவதால் எடை எட்டில் ஒன்றாகி 7 கிலோவுக்கு இறங்கிவிடும். தோலின் பரப்போ நாலில் ஒன்றாகத்தான் குறையும். சூடு பிறப்பது உடலுக்குள்ளே, பெரும்பாலும் வெளியேறுவது தோல் வழியே. கிலோவுக்குக் கிலோ பார்த்தால் நம்மைவிட இரண்டு மடங்கு தோல் உள்ள கொப்ளின், சூட்டைச் சீக்கிரம் இழந்துவிடும்.

சாப்பாட்டிலும் இதே பாகுபாடு உண்டு. உயிரினங்களின் சக்தித் தேவை எடைக்கு நேராக ஏறி இறங்குவதில்லை, எடையின் முக்கால் அடுக்கைத்தான் ஏறக்குறையப் பின்பற்றுகிறது என்று 1932இல் மக்ஸ் கிளைபர் என்ற ஆய்வாளர் காட்டினார். அதாவது எடை எட்டில் ஒன்றானாலும் தீனி எட்டில் ஒன்றாகாது, ஐந்தில் ஒன்றளவுக்குத்தான் குறையும். அந்தக் கணக்கில், 100 பேருக்கு ஆக்கிய சோறும் மீன்குழம்பும் 800 கொப்ளின்களுக்குக் காணாது. 475 பேரோடு சட்டி காலி. அதே வயலும் கடலும் நம்மைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு சனத்தைத் தாங்கும் என்பதால் கூட்டம் பெருகும். ஆனால் ஒவ்வொரு கிலோ உடலுக்கும் நம்மைவிட 1.7 மடங்கு தீனி வேண்டும். நமது கொழுப்பு ஐந்து நாள் பட்டினிக்குத் தாங்குமென்றால் அவர்களுடையது மூன்றே நாளில் கரைந்துவிடும். விளைச்சல் பொய்த்தால் முதலில் களவுக்கு இறங்குவது யார் என்று சொல்லவும் வேண்டுமா?

பாறை ஏறுவதும் அப்படித்தான். தசையின் வலு அதன் குறுக்குவெட்டைப் பொறுத்தது. எடைக்கு ஒப்பிட்டால் நம்மைவிட இரு மடங்கு பலசாலிகள்.

குள்ள உடலில் மூளையும் சிறுத்துவிடுமே, ஊரும் சட்டமும் எப்படி என்று கேட்கலாம். இந்தோனேசியாவின் புளோரஸ் தீவுக் குகையில் 2003இல் கிடைத்த மனித இனத்துக்கு உயரம் ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும். மூளை சுமார் 400 கன சென்டிமீட்டர், நம்முடையதில் மூன்றில் ஒன்றுகூட இல்லை. அந்தக் குகையிலேயே கல்லாயுதங்களும் கிடைத்தன.

கதைகள் கொப்ளினுக்குக் கொடுக்கும், இருட்டில் மின்னும் கண்ணுக்கு நம் காட்டுத் தேவாங்கே சாட்சி. விழித்திரைக்குப் பின்னால் உள்ள ஒரு படலம், உள்ளே வந்த ஒளியைத் திருப்பி அனுப்பி இரண்டாம் முறை பயன்படுத்துகிறது. திருகோணமலை பிரெட்ரிக் கோட்டை மான்களின் கண்கள் வாகன வெளிச்சத்தில் பளபளப்பதும் இதனால்தான். நமக்கும் குரங்குக்கும் அது கிடையாது. ஆகவே கொப்ளினைத் தேவாங்கின் பங்காளி என்றுதான் வைக்க வேண்டும். கதைகளில் வரும் அவர்களுடைய பச்சைத் தோல்தான் இடிக்கிறது. பாலூட்டிகளுக்குப் பச்சை நிறமி இல்லை. மரத்தில் தொங்கி வாழும் தென்னமெரிக்க விலங்கான சுலொத்தின் மயிரில் பாசி படர்வதுண்டு, ஆனால் குகை இருட்டில் பாசி வளராதே!

இந்த உலகத்தை நானே எழுதினால் தலைநகரைத் திருகோணமலைக்கு அருகே வெந்நீர்க் கிணறுகள் உள்ள கன்னியாவில் வைப்பேன். மழைநீர் பாறைப் பிளவுகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, பூமியின் உட்சூட்டில் காய்ந்து, ஏழு கிணறுகளாக மேலே வருகிறது. மார்கழி வாடையில் 7 கிலோ உடம்புக்கு வேறென்ன வேண்டும்? இறந்தவருக்கான அந்தியேட்டிக் கிரியைக்கு வரும் மனிதர்களோடு கிணற்று வழக்கு மட்டும் ஓயாது.