நின்று ஊதுபவருக்கு ஏன் ‘அமர்வு’?

ராக் இசை பற்றிய ஓர் ஆவணப்படத்தைத் தமிழ் எழுத்துகளோடு பார்த்துக்கொண்டிருந்தோம். பாபி கீஸ் நின்றபடி டெனர் சாக்ஸபோன் ஊதுகிறார். கீழே ‘அமர்வு இசைக்கலைஞர்’ என்று வருகிறது. அக்கா மகள் கேட்டாள்: “நின்னுக்கிட்டுதானே வாசிக்கிறாரு, மாமா?”

ஆங்கிலத்தின் ‘செஷன் மியூசிஷியன்’ இப்படித்தான் தமிழாகிறது. இந்த மொழிபெயர்ப்பைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

‘செஷன்’ லத்தீன் வழி வந்த சொல். உட்காருதல்தான் அதன் வேர். மன்றங்கள் கூடும் பொழுதைக் குறித்து, பிறகு ஒரு வேலைக்கு ஒதுக்கிய நேரம் என்று விரிந்தது. ஒலிப்பதிவுக் கூடத்தில், பாட்டைப் பதிவுசெய்ய ஒதுக்கும் சில மணி நேரம் அது. அந்த நேரத்துக்கு மட்டும் அழைக்கப்பட்டு, வாசித்துக் கொடுத்து, பணம் வாங்கிப் போகிறவர் செஷன் கலைஞர். இசைக்குழுவின் உறுப்பினர் அல்லர்.

தமிழில் ‘அமர்வு’ என்றதும் நினைவுக்கு வருவது இரு நீதிபதிகள் அமர்வு, கருத்தரங்கின் பிற்பகல் அமர்வு. வேலைக்கு வந்து போகிறவர் என்ற பொருள் அதில் துளியும் இல்லை. அகராதியில் முதலில் கிடைத்த சொல்லை எடுத்து ஒட்டியதன் விளைவு இது.

‘பக்கவாத்தியக்காரர்’ போதுமே என்று நண்பர்கள் சிலர் வாதிடுகிறார்கள். அழகான சொல்தான், ஆனால் ஆள் வேறு. பக்கவாத்தியக்காரர் கச்சேரி மேடையில் நம் கண்ணெதிரே இருக்கிறார். அழைப்பிதழில் பெயர் உண்டு, மிருதங்கக்காரருக்குத் தனி ஆவர்த்தனம் உண்டு. செஷன் கலைஞரோ கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் வாசித்துவிட்டுப் போய்விடுவார். 1978-இல் வந்த ‘பேக்கர் ஸ்ட்ரீட்’ பாட்டை இன்றும் அதன் சாக்ஸபோனுக்காகவே கேட்கிறார்கள். பாடியவர் ஜெரி ராஃபர்ட்டி, ஊதியவர் ரஃபேல் ரேவன்ஸ்கிராஃப்ட். அவருக்குக் கிடைத்தது 27 பவுண்டு என்றே சொல்லப்படுகிறது.

‘துணை இசைஞர்’ அதைவிட மோசம். 1971-இல் வெளியான, ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவின் ‘பிரவுன் ஷுகர்’ பாட்டில் நடுவே சீறிக்கொண்டு வருகிறதே பாபி கீஸின் ஊதல், அதைத் துணை என்று யார் சொல்வார்கள்? கீஸ் 1943 டிசம்பர் 18 அன்று பிறந்த டெக்சாஸ்காரர். ஸ்டோன்ஸின் கிதார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸ் பிறந்ததும் அதே நாள்தான். பீட்டில்ஸ் புகழ் ஜான் லெனனுக்கும் ஜார்ஜ் ஹாரிசனுக்கும் கீஸ் வாசித்தார். ஸ்டோன்ஸோடு பல பத்தாண்டுகள் மேடையேறியும், 2014-இல் இறக்கும்வரை அந்தக் குழுவின் உறுப்பினர் ஆகவில்லை. அதே கருவியை வாசித்த கிளாரன்ஸ் கிளெமன்ஸ், புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் ஈ ஸ்ட்ரீட் பேண்டில் முழு உறுப்பினர். இந்த இருவரையும் பிரித்துக் காட்டாத சொல் எதற்கு?

‘ஒலிப்பதிவுக் கலைஞர்’ என்றால் பதிவுக் கருவியை இயக்குபவர் என்று ஆகிவிடும். ‘பதிவு வாசிப்பாளர்’ என்றால் செய்தி வாசிப்பாளர் வந்து நிற்பார். என் தேர்வு ‘பதிவு வாத்தியக்காரர்’. ‘வாத்தியம்’ வடசொல் என்று தனித்தமிழ் அன்பர்கள் வருந்தலாம். எனக்குத் தெளிவுதான் முக்கியம். வாத்தியக்காரர் என்றால் எந்த ஊரிலும் புரியும். அதுவும் வேண்டாமென்றால் ‘செஷன் கலைஞர்’ என்றே எழுதுங்கள், குற்றமில்லை.

அக்கா மகளிடம் ‘பதிவு வாத்தியக்காரர்’ என்று எழுதிக் காட்டினேன். படித்துவிட்டு, “அப்போ பதிவுக்கு மட்டும் கூப்பிடுவாங்களா? அந்தக் குழுவுல அவரு இல்லையா?” என்றாள்.

“இல்லைம்மா,” என்றேன்.