குணகமா, கெழுவா? வெப்பவிரிவுக் கெழு

காட்பாடியில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை கணக்குப் பாடத்தில் 'கெழு' என்று படிக்கும். அடுத்த பீரியட் இயற்பியல் என்றால் அதுவே 'குணகம்' ஆகிவிடும். இரண்டும் 'கோஎஃபிஷியன்ட்' என்பதற்கான சொற்கள்தான். லத்தீனில் 'கோ' என்றால் சேர்ந்து, 'எஃபிக்கெரே' என்றால் செய்துமுடிப்பது. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சுக் கணிதர் வியட் இதை இயற்கணிதத்துக்குள் கொண்டுவந்தார்.

'குணகம்' வடமொழிச் சொல், பெருக்கும் எண் என்று பொருள். ஆனால் பிள்ளைகள் காதில் அது 'குணம்' என்றே விழுகிறது. 'கெழு' என்றால் பொருந்திய, கூடிய. கெழுதகை நண்பர் என்கிறோமே, அந்தக் கெழு. 'கோ'வில் உள்ள 'சேர்ந்து' இதில் அப்படியே இருக்கிறது. என் ஓட்டு கெழுவுக்கு.

சரி, வெப்பவிரிவுக் கெழு எதைச் சொல்கிறது? ஒரு டிகிரி சூடு ஏறினால் ஒரு பொருளின் நீளம் எத்தனை பங்கு கூடும் என்பதை. எஃகுக்கு ஏறக்குறைய 10 லட்சத்தில் 12 பங்கு. 13 மீட்டர் தண்டவாளம் விடியலைவிட வேலூர் மத்தியான வெயிலில் 30 டிகிரி கூடுதலாகச் சுட்டால், கிட்டத்தட்ட 4.7 மில்லிமீட்டர் நீளும். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயிலை விட்டவர்களுக்கும் இந்தக் கணக்கிலிருந்து தப்பிக்க வழி இருந்திருக்காது.

தண்டவாளத்தை டேப் வைத்தாவது அளக்கலாம். ஓரணு தடிமனே உள்ள கார்பன் படலமான கிராஃபீனை எப்படி அளப்பது? 10 மைக்ரோமீட்டர் அகலத் துண்டை 100 டிகிரி சூடாக்கினாலும் மாற்றம் 8 நானோமீட்டர் அளவில்தான். சாதாரண நுண்ணோக்கிக்கு அது எட்டாது. அதனால் லேசர் ஒளி பாய்ச்சி, சிதறி வரும் ஒளியை, அதாவது ராமன் நிறமாலையைப் பார்க்கிறார்கள். அணுப் பிணைப்பு இழுபட்டால் அதில் உள்ள முகடு, அதாவது ஒளி உச்சம் தொடும் இடம், மாறும்.

இங்கேதான் வம்பு. படலம் ஏதாவது ஒரு தளத்தில் ஒட்டியிருக்கும். ராணிப்பேட்டைத் தோல் ஷாப்பில் சட்டத்தில் இழுத்துக் கட்டிய தோல் போல, தளம் இழுத்த இழுப்புக்குப் படலமும் போகும். முகட்டின் நகர்வில் சூட்டின் நேரடிப் பங்கு எவ்வளவு, தளத்தின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க வேண்டும். அதற்காகக் கொஞ்சமே விரியும் உருக்கிய சிலிக்கா (10 லட்சத்தில் 0.5), நன்றாக விரியும் செம்பு (17) என வெவ்வேறு தளங்களில் ஒரே பொருளை வைத்து ஒப்பிடலாம். துளையின் குறுக்கே தொங்கவிட்டும் அளக்கலாம்.

இன்னொரு வேடிக்கை, அறை வெப்பநிலையில் கிராஃபீன் சூடானால் சுருங்குகிறது. அணுக்கள் படலத்தின் மட்டத்துக்கு மேலும் கீழும் அதிர்ந்து படலம் தாள் போல நெளிவதால் அதன் பரப்பு உள்வாங்குகிறது. 10 லட்சத்தில் 7, 8 பங்கு என்று அளந்தவர்கள் உண்டு. அதில் பாதிதான் என்று சொல்லும் கணக்கீடுகளும் உண்டு. இதற்காக 'வெப்பச் சுருக்கக் கெழு' என்று தனிச்சொல் தேவையில்லை. 'கிராஃபீனின் வெப்பவிரிவுக் கெழு எதிர்க்குறி கொண்டது' என்று எழுதினால் போதும்.