கழற்ற முடியாத பேட்டரிக்கு ஏன் வயதாகிறது?

“அறுபதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய போனில் பேட்டரியைக் கழற்ற முடியவில்லை, மெமரி கார்டு போடவும் இடமில்லை. எட்டாயிரம் ரூபாய் போனில் கார்டாவது போட முடிகிறது. இது என்ன நியாயம்?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நியாயம் கம்மிதான். காரணங்கள் உண்டு, அவற்றில் பாதிதான் தேறும்.

வழக்கமாகச் சொல்லும் காரணம் தண்ணீர். 2014-இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்5-இன் பின்மூடியை நகத்தால் நெம்பியே திறக்கலாம். பேட்டரி மாற்றலாம், கார்டும் போடலாம். அப்படியிருந்தும் மூடிக்குள் ஓடிய ரப்பர் விளிம்பின் தயவில், ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்கிற ஐபி67 தரம் அதற்கு இருந்தது. மறு ஆண்டு வந்த எஸ்6-இல் பேட்டரியை உள்ளே வைத்து மூடிவிட்டார்கள், கார்டு இடத்தையும் எடுத்துவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், தண்ணீர்ப் பாதுகாப்பும் கூடவே போய்விட்டது!

தேறுகிற காரணம் இடம். கையில் எடுத்துப் பையில் போடும் பேட்டரிக்குக் கெட்டியான உறை வேண்டும், போனுக்குள் அதற்கென ஒரு குழி வேண்டும். உள்ளேயே ஒட்டிவிட்டால் மெல்லிய உறை போதும். மிச்சமாகும் இடத்தில் கூடுதல் மின்சாரத்தைச் சேமிக்கலாம்.

சரி, ஒட்டியே இருக்கட்டும், கெடாமல் இருந்தால் பரவாயில்லையே என்று தோன்றும். கெடாமல் இருக்காது. லித்தியம் அயனி பேட்டரியின் வேதியியல் அப்படி.

சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து கிளம்பி, கிராஃபைட் முனைக்குப் போய் அதன் அடுக்குகளுக்கு இடையில் உட்கார்கின்றன. போன் ஓடும்போது திரும்பி வருகின்றன. நடுவே இருப்பது லித்தியம் உப்பு கரைந்த கரிமத் திரவம். சிக்கல் இங்கேதான். சார்ஜான கிராஃபைட்டின் பக்கத்தில் அந்தத் திரவத்தால் நிலையாக இருக்க முடியாது, அது சிதையும். சிதைந்துகொண்டே போயிருந்தால் இந்தப் பேட்டரியே சாத்தியமாகியிருக்காது. ஆனால் சிதைந்த பொருட்கள் கிராஃபைட்டின் மேலேயே சில நானோமீட்டர் தடிமனில் படலமாகப் படிகின்றன. அந்தப் படலம் எலெக்ட்ரானைத் தடுக்கிறது, லித்தியம் அயனியை மட்டும் விடுகிறது. எலெக்ட்ரான் கிடைக்காததால் சிதைவு கிட்டத்தட்ட நின்றுபோகிறது. யாரும் வடிவமைத்துப் பூசாமல் தானாக உருவாகும் வடிகட்டி இது! 1979-இல் இமானுவேல் பெலெட் என்ற வேதியியலாளர் இதை விளக்கினார். வேதியியலில் எனக்கு மிகவும் பிடித்த அதிர்ஷ்டங்களில் இது ஒன்று.

ஆனால் அந்தப் படலத்துக்குள் இருப்பதும் லித்தியம்தான். அதில் சேர்ந்த லித்தியம் திரும்ப வராது, அந்த அளவுக்குப் பேட்டரியின் கொள்ளளவு குறையும். அயனிகள் உள்ளே நுழையும்போது கிராஃபைட் சுமார் பத்து சதவீதம் உப்புகிறது, வெளியேறும்போது சுருங்குகிறது. படலத்தில் விரிசல் விழுகிறது. விரிசலில் திரவம் பட்டுப் புதுப் படலம் படிகிறது. காய்ச்சிய பாலில் ஆடையை எடுக்க எடுக்க மறுபடி படிவதுபோல; பால் மட்டும் குறைந்துகொண்டே வரும். சூடு கூடினால் வேகமும் கூடும். வெயிலில் நிற்கும் காருக்குள் போனை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

புதுப் போனை முதல் தடவை எட்டு மணி நேரம் சார்ஜ் போட்டே ஆக வேண்டும் என்று இன்னமும் சில கடைகளில் சொல்லி அனுப்புகிறார்கள். நிக்கல் பேட்டரிக் காலத்து நம்பிக்கை அது. உண்மையிலேயே முக்கியமான முதல் சார்ஜ், மேற்சொன்ன படலம் நிதானமாகப் படியும் சார்ஜ், பேட்டரித் தொழிற்சாலையிலேயே முடிந்துவிட்டது.

இந்தப் படலத்தைக் கட்டுக்குள் வைக்கும் வித்தையில்தான் பேட்டரிக்காரர்களின் பணமே இருக்கிறது. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் நிற்கும் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு மையம் நம்மிடம் இருக்கிறது. போன்களைப் பாகம் பாகமாகச் சேர்த்துப் பூட்டும் ஆலைகளுக்குத் தரும் சலுகையில் ஒரு துளியாவது இப்படிப்பட்ட ஆய்வுக்கூடங்களுக்குப் போக வேண்டும் என்பது என் கட்சி.

மெமரி கார்டு கதை சின்னது. சாதாரண மைக்ரோ எஸ்டி கார்டு தரவை அனுப்பும் யுஎச்எஸ்-1 என்ற வழியில் நொடிக்கு 104 மெகாபைட்தான் உச்சம். இன்றைய உயர்ரகப் போன்களின் உள்ளேயே பதித்திருக்கும் யுஎஃப்எஸ் 4.0 வகை நினைவகம் 4,000-ஐத் தாண்டும். செயலிகளை கார்டில் வைத்தால் போன் திணறும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 100 மெகாபிட் வீதத்தில் பதிவாகும் 4கே வீடியோவுக்குத் தேவை நொடிக்கு 12.5 மெகாபைட். படங்களுக்கும் வீடியோக்களுக்கும் கார்டு தாராளம். சோனி எக்ஸ்பீரியா 1 வரிசை அதை விடாமல் வைத்திருக்கிறது. மற்றவர்கள் எடுத்ததற்குக் காரணம், 256 ஜிபி நினைவகத்திலிருந்து 512 ஜிபிக்குப் போகக் கேட்கும் கூடுதல் விலையில் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

ஐரோப்பிய ஒன்றியம் இதில் இறங்கியிருக்கிறது. பயனரே பேட்டரியைக் கழற்றி மாற்றும்படி கையடக்கக் கருவிகள் இருக்க வேண்டும் என்ற பொது விதி 2027 பிப்ரவரி 18 முதல் வருகிறது. போன்களுக்கென்று 2025 ஜூன் 20 முதல் நடப்பில் உள்ள விதியில் ஒரு விலக்கு உண்டு: 500 முறை சார்ஜ் ஏறி இறங்கிய பிறகு 83 சதவீதமும், 1,000 முறைக்குப் பிறகு 80 சதவீதமும் கொள்ளளவு மிஞ்சி, தூசியும் தண்ணீரும் புகாமலும் இருந்தால், பேட்டரி மாற்றுவதைத் தொழில்முறைப் பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிடலாம். அதாவது படலம் மெதுவாக வளர்ந்தால் மூடி வைக்கலாம்! அங்கே போன் பெட்டியோடு வரும் லேபிளில் இந்தச் சார்ஜ் எண்ணிக்கையையும் அச்சிட வேண்டும். அந்த விவரங்கள் இணையத்தில் பொதுவாகவே கிடைக்கின்றன. அடுத்த போன் வாங்கும் முன் கேமரா மெகாபிக்சலோடு அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.