திகிலா, அந்தரமா?

பிள்ளையொன்றைக் கடத்துகிற வேற்றுமொழிப் படம் ஒன்று யாழ்ப்பாணத்துக்கு வந்து ஓடியது. பெயர் வேண்டாம். என்னுடைய சண்டை படத்தோடு இல்லை, அதை அறிமுகப்படுத்திய சொல்லோடுதான். மதிலில் ஒட்டியிருந்த நோட்டீசில் 'திகில் படம்'. வானொலியில் 'திகில் நிறைந்த படம்'. முதல் காட்சி பார்த்துவிட்டு வந்த பொடியளைக் கேட்டால் "நல்ல திகில் படம் அண்ணை".

மாமியையும் கூட்டிக்கொண்டு போவோம் என்று கேட்டேன்.

"திகில் படமோ? வெள்ளிக்கிழமையும் அதுவுமாய்ப் பேய்ப்படத்துக்கு நான் வரேல்லைத் தம்பி."

படத்தில் பேயே இல்லை, ஒரு வான் வண்டி, பூட்டிய அறை, அடிக்கடி அடிக்கிற தொலைபேசி, தாய் தகப்பன், அவ்வளவுதான் என்றேன். "அப்ப என்னத்துக்குத் திகில் எண்டு போட்டிருக்கு?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. மாமி வரவும் இல்லை.

ஆங்கிலத்தில் 'திரில்லர்' என்கிற வகைப் படம் அது, அந்தச் சொல்லைத்தான் திகில் என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். திரில்லர் என்பது 'திரில்' என்ற வினையிலிருந்து வந்தது. பழைய ஆங்கிலத்தில் அதற்குத் துளைத்தல் என்று பொருள். மூக்குத் துவாரத்துக்கு அவர்கள் சொல்கிற 'நோஸ்ட்ரில்' என்ற சொல்லின் வாலில் இருப்பதும் அதே துளைதான். பிறகு நெஞ்சைத் துளைக்கிற உணர்ச்சி, பிறகு அந்த உணர்ச்சியைத் தருகிற கதை என்று பொருள் நகர்ந்தது. சரி, வேர் இவ்வளவு போதும். வேரைப் பார்த்துத் 'துளைப்படம்' என்று யாராவது எழுத வெளிக்கிட முன்னர் நிறுத்திக்கொள்கிறேன்.

இனித் திகில். தமிழில் திகில் என்றால் திடீர்ப் பயம். தெலுங்கிலே திகுலு, கன்னடத்திலே திகிலு என்று உறவுக்காரச் சொற்கள் இருக்கின்றன. எல்லாம் அச்சத்தின் வீட்டுப் பிள்ளைகள். இருட்டிலே கிணற்றடிக்குப் போகும்போது பனங்காய் தொப்பென்று விழுந்தால் வருவது திகில். வந்த வேகத்தில் போய்விடும். இதை ஆங்கிலத்து 'ஹொரர்' படத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் எங்கள் மொழிபெயர்ப்பாளர்கள் ஹொரருக்கும் திகில், திரில்லருக்கும் திகில் என்கிறார்கள். இரண்டும் சேர்ந்த படம் வந்தால் திகில் திகில் படமா? நீதிமன்றக் கதையைச் 'சட்டத் திகில்' என்று எழுதியதையும் கண்டேன். சட்டத்தைக் கண்டு திகில் வரும்தான், ஆனால் எழுதியவர் அந்தப் பொருளில் எழுதவில்லை.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சம் எங்கேயிருந்து வருகிறது என்று கணக்குப் போட்டிருக்கிறார்: 'அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே'. அணங்கு (பேய் போல வருத்துகிற தெய்வம்), விலங்கு, கள்வர், தம் இறைவர் என்று நான்கு. அணங்கு வேறு, கள்வர் வேறு என்று அவரே பிரித்து வைத்திருக்கும்போது, கள்வன் வருகிற படத்துக்கு அணங்கின் சொல்லைக் கொண்டுவந்து ஒட்டுகிறோம். மாமிக்குப் பேய் தெரிந்ததில் பிழை மாமியில் இல்லை.

எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் 'மாஸ்டர்'. (தனித்தமிழ்ப் பற்றாளரை மாஸ்டர் என்று கூப்பிடுகிறோமே என்று அவர் ஒருநாளும் கோபித்ததில்லை.) திகில் பிழை என்பதில் அவரும் என் கட்சி. ஆனால் அவர் கண்ட தீர்வு 'சிலிர்ப்பூட்டி'. இதோடு எனக்கு ஒத்துப்போக முடியவில்லை.

முதலாவது, 'ஊட்டி' என்ற ஈறு. குளிரூட்டி, வலுவூட்டி என்று கருவிக்கும் மருந்துக்கும் அது பொருந்தும். "நேற்று ஒரு சிலிர்ப்பூட்டி பார்த்தேன்" என்றால் ஏதோ மின்சாதனம் வாங்கப் போன மாதிரி இருக்கிறது. இரண்டாவது, சிலிர்ப்பு வருகிற இடம். நல்லூரில் தேர் அசையும்போது மெய் சிலிர்க்கிறது. பிள்ளை முதன்முதல் மேடையேறித் தேவாரம் பாடினால் தாய்க்குச் சிலிர்க்கிறது. இதெல்லாம் திரில்லரா? மூன்றாவது இன்னும் மோசம். ஹொரர் என்ற சொல்லின் லத்தீன் வேரைத் தோண்டினால் மயிர் குத்திட்டு நிற்றல் என்று வருகிறது. ஆக, மாஸ்டர் பேய்ப்படத்தை முன்வாசலால் துரத்திவிட்டுச் சிலிர்ப்பு என்ற பெயரில் பின்வாசலால் கூட்டி வருகிறார். இதைச் சொன்னபோது "வேற்றுமொழி வேர் எங்களுக்கு என்னத்துக்கு?" என்றார். அது நியாயமான கேள்வி. முதல் இரண்டுக்கும் பதில் சொல்லவில்லை.

மற்றச் சொற்களையும் தட்டிப் பார்த்தேன். 'மர்மப் படம்' என்றால் யார் செய்தது என்று தெரியாமல் இருக்க வேண்டும். இந்தப் படத்திலோ பிள்ளையைக் கொண்டுபோனவன் யார் என்பது தொடக்கத்திலேயே எங்களுக்குத் தெரியும், தாய்க்குத்தான் தெரியாது. 'விறுவிறுப்பு' வேகத்தைச் சொல்கிறது; நகைச்சுவைப் படமும் விறுவிறுப்பாக ஓடும். 'பரபரப்பு' பத்திரிகைக்காரர் கையில் தேய்ந்துபோன சொல். மாடு குறுக்கே வந்தாலும் அப்பகுதியில் பரபரப்பு நிலவும்.

திரில்லரின் உயிர் எங்கே இருக்கிறது என்பதை அந்த வகைப் படங்களுக்குப் பெயர்போன இயக்குநர் ஹிட்ச்காக் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். பிள்ளையைக் கடத்துகிற கதையை 1934இல் எடுத்து, அதையே 1956இல் மறுபடி எடுத்த மனிதர். பிரெஞ்சு இயக்குநர் திரூபோவுக்குக் கொடுத்த நேர்காணலில் அவர் சொன்ன உதாரணம் பெயர் பெற்றது. மேசைக்குக் கீழே குண்டு இருப்பது தெரியாமல் அது வெடித்தால் பார்ப்பவருக்குச் சில விநாடி அதிர்ச்சி. குண்டு இருப்பது பார்ப்பவருக்குத் தெரிந்து, மேசையில் இருப்பவர்கள் தெரியாமல் கதைத்துக்கொண்டிருந்தால் 15 நிமிடம் அவதி. அந்த அவதியைத்தான் ஆங்கிலத்தில் 'சஸ்பென்ஸ்' என்கிறார்கள். அதன் லத்தீன் வேர் தொங்குதல்.

அதற்குத் தமிழ் என்ன என்று நான் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தபோது, மாமி அந்தப் படத்தை வீட்டில் இருந்தே பார்த்துவிட்டார். மருமகள் போட்டுக் காட்டியிருக்கிறாள், கீழே தமிழ் எழுத்து ஓடுகிற பிரதி. அடுத்த நாள் போனபோது முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பிள்ளை கிடைக்குமட்டும் எனக்கு ஒரே அந்தரமாக் கிடந்தது தம்பி. தேத்தண்ணி ஊத்தக்கூட எழும்பேல்லை."

அந்தரம்! வானுக்கும் நிலத்துக்கும் நடுவிலான வெளி. அந்தரத்தில் தொங்குதல் என்பது எல்லாத் தமிழருக்கும் தெரிந்த பேச்சு. யாழ்ப்பாணத்தில் அது மனத்துக்குள்ளும் இறங்கியிருக்கிறது. "ஏன் அந்தரப்படுறாய், பஸ் வரும்", "மனம் அந்தரமாக் கிடக்கு", "ஆபத்து அந்தரத்துக்கு உதவ ஒருத்தரும் இல்லை". லத்தீன்காரன் தொங்கலில் இருந்து எடுத்த உணர்ச்சியை எங்கள் கிழவிகளும் அதே தொங்கலில் இருந்துதான் எடுத்திருக்கிறார்கள். யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை.

மாமி இன்னொன்றும் சொன்னார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன காட்சிக்குப் பிறகு, தாய் பொலிசில் சொல்வதாகக் கீழே ஓடிய வரி: 'என் குழந்தை காணாமல் போய்விட்டது'. "காணாமல் போனதோ? தூக்கிக்கொண்டெல்லோ போனவன், அவளும் கண்டவள்தானே" என்று மாமிக்குக் கோபம். மொழிபெயர்த்தவருக்கு இது சின்னச் சறுக்கல். இங்கே அப்படி இல்லை. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் தங்கள் பிள்ளைகளைத் தேடித் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்த தாய்மார் 'காணாமல் போனோர்' என்று எழுதினால் ஏற்கமாட்டார்கள். 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்' என்பார்கள். போவது பிள்ளை செய்கிற வினை. ஆக்கப்பட்டதென்றால் ஆக்கியவன் ஒருவன் இருக்கிறான். கடத்தல் என்ற சொல்லே கட என்பதன் பிறவினைதான்: தானாகக் கடப்பதில்லை, இன்னொருவன் கடக்கச் செய்கிறான். இந்த இலக்கணம் தெரியாதவர்கள் பிள்ளை கடத்துகிற படத்துக்கு வசனம் எழுதக் கூடாது.

மாஸ்டரிடம் அந்தரத்தைக் கொண்டுபோனேன். "வடசொல்" என்றார், ஒரே சொல்லில். ஆம், வடசொல்தான். ஆனால் சங்க நூலான திருமுருகாற்றுப்படையிலேயே 'அந்தரப் பல்லியம்' (வானத்து வாத்தியங்கள்) கறங்குகிறது. வடவெழுத்தை (வடமொழிக்கே உரிய எழுத்தை) நீக்கி வந்தால் வடசொல் செய்யுளுக்கு ஆகும் என்று தொல்காப்பியரும் விட்டிருக்கிறார். அந்தரத்தில் நீக்குவதற்கு வடவெழுத்தும் இல்லை. மாமி வாயில் தானாக வருகிற சொல்லைத் தள்ளிவிட்டு, ஒருவர் வாயிலும் வராத சிலிர்ப்பூட்டியைத் தூக்கிப் பிடிப்பது தூய்மை என்றால் அந்தத் தூய்மை எனக்கு வேண்டாம்.

அவருடைய இரண்டாவது மறுப்புத்தான் என்னைக் கொஞ்சம் உலுப்பியது. "நோட்டீஸ் அடிக்கிறவன் இரண்டு எழுத்தைக் கூட்டி 'அந்தரங்கப் படம்' எண்டு அடிச்சால் என்ன செய்வாய்?"

செய்ய ஒன்றுமில்லை. தியேட்டர் நிறைந்துவிடும், மாமி மறுபடியும் வரமாட்டார். அதனால் 'அந்தரப் படம்' என்று சேர்த்து எழுதாமல், 'அந்தரமான படம்' என்று எழுதச் சொல்கிறேன். மாஸ்டர் இன்னும் ஒப்பவில்லை. போன கிழமை பேரனை ஏற்றி வந்த பள்ளிக்கூட வான் பிந்திவிட்டதாம். படலையடியில் நின்று மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே "அந்தரமாக் கிடக்கடாப்பா" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. வான் வந்த பிறகு சொன்னேன்.

"அது பேச்சு, இது எழுத்து" என்றார்.