டிங்கரிங்: ஒரு கராச்சுச் சொல்லும் அதற்குரிய தமிழும்

வவுனியாவிலிருந்து பரந்தன் வரை ஏ9 வீதியோரத்துக் கராச்சுகளின் பெயர்ப்பலகைகளில் 'டிங்கரிங்' என்றும் 'ரிங்கரிங்' என்றும் எழுதப்படுவது ஒரே சொல்தான். மோதுண்டு நெளிந்த கதவை நிமிர்த்துவது, கறள் தின்ற தளத்தை வெட்டியெடுத்துப் புதுத் தகட்டை வெல்டிங் மூலம் ஒட்டுவது, மேற்பரப்பின் குழிகளைப் பட்டி என்ற நிரப்புப் பசையால் நிரப்பித் தேய்த்து வர்ணப்பூச்சுக்கு ஆயத்தம் செய்வது ஆகிய எல்லாமே வன்னியில் இந்தச் சொல்லுக்குள் அடங்குகின்றன. நாளாந்தம் ஓடும் வானையோ லொறியையோ திருத்துவதற்கு இந்த அளவு பொதுமை போதுமானதாக இருக்கலாம். ஆனால் பழைய மொறிஸ் மைனரையோ ஒஸ்ரின் காரையோ தேடி வாங்கி, அதனை முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவர ஆசைப்படும் ஒருவர் 'டிங்கரிங் செய்து தாருங்கள்' என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால், அவர் கேட்டது என்ன, கராச்சில் விளங்கிக்கொண்டது என்ன என்பது வர்ணம் காய்ந்து சில மாதங்கள் கழிந்த பின்னர்தான் தெரியவரும். ஆகவே இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, அதற்குள் எத்தனை வேலைகள் அடங்கியுள்ளன, அவற்றுக்குத் தமிழில் என்ன பெயர் என்பதைப் பிரித்துப் பார்ப்பது பயனுள்ளது.

ஆங்கிலத்தில் 'டிங்கர்' என்பவர் ஊர் ஊராகச் சென்று கெண்டி, சட்டி முதலிய உலோகப் பாத்திரங்களைத் திருத்திக் கொடுத்தவர். 13ஆம் நூற்றாண்டிலேயே இது தொழிற்பெயராகப் பதிவாகியிருக்கிறது. சொல்லின் மூலம் முடிவாகத் துணியப்படவில்லை. உலோகத்தில் சுத்தியல் படும்போது எழும் ஒலியே பெயராயிற்று என்பது ஒரு கருத்து, தகரத்தைக் குறிக்கும் 'டின்' என்பதோடு தொடர்புடையது என்பது மற்றொன்று. 16ஆம் நூற்றாண்டின் இறுதியளவில் இது வினைச்சொல்லாகவும் வழங்கத் தொடங்கியது. அதன்பின் ஆங்கிலத்தில் அதன் மதிப்பு இறங்கிக்கொண்டே போனது. முறையாகக் கற்காத ஒருவர் எதையாவது அரைகுறையாகக் கிண்டிக்கொண்டிருப்பதையும் அது சுட்டலாயிற்று. இங்கிலாந்தில் கார் உடலின் தகட்டைத் தட்டி நிமிர்த்தும் தொழிலுக்குப் 'பனல் பீட்டிங்' என்ற வேறு பெயர் நிலைத்துவிட, இந்தியாவிலும் இலங்கையிலும் 'டிங்கரிங்' என்பதே அத்தொழிலின் மதிப்பான பெயராக நின்றுவிட்டது. ஆங்கிலேயர் தாழ்வாகக் கருதிய ஒரு சொல்லை நம்முடைய தொழிலாளர்கள் தமது கைத்திறனால் உயர்த்தியிருக்கிறார்கள் என்றே நான் இதனைக் காண்கிறேன்.

பாத்திரம் திருத்தியவருக்குத் தமிழிலும் பெயர் இருந்தது. செம்பு, பித்தளை, வெண்கலப் பாத்திரங்களைச் செய்தவர்களும் திருத்தியவர்களும் கன்னார் எனப்பட்டனர். யாழ்ப்பாண நகரிலுள்ள கன்னாதிட்டி என்ற இடப்பெயரில் அவர்களின் பெயர் இன்றும் இருக்கிறது. கீழே விழுந்து குழிந்த குடத்தையும் செம்பையும் நிமிர்த்தும் வேலை 'ஒடுக்கெடுத்தல்' எனப்பட்டது. ஒடுக்கு என்பது அடிபட்டு உள்வாங்கிய இடம். 'சொட்டை' என்ற சொல்லும் இப்பொருளில் உண்டு, எனினும் அது இப்போது தலைவழுக்கையையே முதலில் நினைவூட்டுவதால் தொழிற்சொல்லாக வழங்கப் பொருந்தாது. பெயர்ப்பலகையில் டிங்கரிங் என்பதன் முதற்பொருளாக நாம் கொள்ள வேண்டியது இந்த ஒடுக்கெடுத்தலையே.

இந்த வேலையை அருகில் நின்று பார்த்தவர்கள் அதனை எளிதாக நினைக்கமாட்டார்கள். ஒடுங்கிய மட்காட்டின் உட்பக்கத்தில், அந்த வளைவுக்கு ஏற்ற முகமுடைய கனத்த இரும்புத் துண்டொன்றை இடக்கையால் அழுத்திப் பிடித்து, வெளிப்பக்கத்தில் மெல்லிய சுத்தியலால் சிறு சிறு அடிகளாகத் தட்டிக்கொண்டு போகிறார்கள். பலமாக ஓர் அடி விழுந்தால் தகடு விரிந்துவிடும். விரிந்த தகட்டுக்கு முன்னைய இடம் போதாமல் அது வீங்கி நிற்கும். அப்படி வீங்கிய இடத்தில் ஒரு சிறு புள்ளியை மட்டும் காஸ் சுவாலையால் சிவக்கக் காய்ச்சி, உடனே சுற்றித் தட்டி, ஈரத்துணியால் குளிர்வித்துச் சுருங்க வைக்கிறார்கள். பிறகு அரத்தை மேலாக ஓட்டினால் மேடான இடம் மினுங்கும், பள்ளமான இடம் மங்கியபடியே இருக்கும். கடைசிச் சோதனை உள்ளங்கைதான். துணியொன்றை விரித்து அதன்மேல் கையை வைத்து வழித்துப் பார்க்கும்போது, கண்ணுக்குத் தெரியாத நெளிவும் கைக்குத் தெரிந்துவிடுகிறது. நன்றாக ஒடுக்கெடுக்கப்பட்ட மட்காட்டுக்குப் பட்டி மிகச் சிறிதளவே தேவைப்படும்.

'பட்டி' என்பதும் ஆங்கிலத்தின் வழியாக வந்த சொல்; அதன் மூலம் பிரெஞ்சில் இருக்கிறது. பிளாஸ்ரிக் வகைப் பட்டி பரவுவதற்கு முன்னர் உடல் வேலை செய்தவர்கள் ஈயமும் வெள்ளீயமும் கலந்த கலவையை உருக்கித் தடவிக் குழிகளை நிரப்பினர். இன்றைய பட்டி விரைவானது, மலிவானது. மெல்லிய பூச்சாக இடப்படும்வரை குறைசொல்வதற்கும் ஒன்றில்லை. கறளை அகற்றாமல் அதன்மேல் விரற்கடை கனத்துக்கு அப்பிவிடும்போதுதான் கேடு தொடங்குகிறது. பட்டி ஈரத்தை இழுத்து வைத்திருக்கும் தன்மையுடையது என்பதால் உள்ளே கறள் தொடர்ந்து பரவி, ஒரு மாரி கழிந்ததும் வர்ணத்தில் கொப்புளமாக எழும்புகிறது. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் சிறு காந்தமொன்றை மெல்லிய துணியில் சுற்றிக் கொண்டுசென்று கதவின் அடியிலும் மட்காட்டின் ஓரத்திலும் வைத்துப் பார்ப்பது நல்லது. காந்தம் பிடிக்காமல் வழுக்கும் இடத்தில் தகட்டுக்குப் பதிலாகப் பட்டியே இருக்கிறது.

வன்னியில் கறளின் கதை தனியானது. செம்மண் புழுதி மட்காட்டின் உட்பக்கத்தில், குறிப்பாக முன்விளக்கின் பின்புறத்தில், அப்பிக் கிடந்து மாரி மழையின் ஈரத்தை வாரக்கணக்கில் பிடித்து வைத்திருக்கிறது. அதற்கும் மேலாக, போரின் இறுதியில், 2009ஆம் ஆண்டில், மக்கள் தம்முடன் கொண்டுசென்று கடற்கரையில் விட்டுவர நேர்ந்த வாகனங்கள் முள்ளிவாய்க்காலில் உப்புக்காற்றில் ஆண்டுக்கணக்கில் குவிந்து கிடந்து உக்கின. அவற்றுள் பல குடும்பங்களின் முதற்காரும் இருந்தது. ஆகவே இந்த மண்ணில் ஒரு பழைய கார் முழுதாகத் தப்பியிருந்தால், அதன் தகட்டைத் தக்கவைப்பதில் உரியவர் காட்டும் பிடிவாதத்தை வீண்செலவு என்று எண்ண எனக்கு மனம் வருவதில்லை.

ஒடுக்கெடுத்தலுக்கு அப்பாலுள்ள வெட்டி ஒட்டும் வேலையைச் சிலர் 'தகரவேலை' என்கிறார்கள். தகரம் என்ற சொல்லுக்கு நீண்ட வரலாறு உண்டு. பழந்தமிழில் அது கூந்தலுக்குப் பூசிய ஒரு மணப்பொருளையும் குறித்தது, உலோகப் பெயராக வெள்ளீயத்தைக் குறித்தது. இப்போது நாம் தகரம் என்பது கூரைக்குப் போடும் நாகம் பூசிய இரும்புத் தகட்டை. மீள்குடியேற்றக் காலத்துத் தகரக் கொட்டில்களில் வாழ்ந்த எவருக்கும் அந்தச் சொல் தரும் உணர்வு, தற்காலிகமாக வைத்து மறைத்த ஒன்று என்பதாகவே இருக்கும். ஒரு காரின் உடல் வேலைக்கு அந்தப் பெயர் தகாது என்பதற்கு இதைவிட வலுவான காரணம் காரின் அமைப்பிலேயே இருக்கிறது.

ஒஸ்ரின் ஏ40 டெவன் போன்ற கார்களில் தனியான அடிச்சட்டம் உண்டு. உடல் அதன்மேல் ஏற்றிப் பூட்டப்பட்டது. 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமான, அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொறிஸ் மைனரில் அப்படித் தனிச்சட்டம் இல்லை. தளமும், கதவுகளுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் பெட்டிப்பகுதிகளும், எஞ்சினைத் தாங்கும் முன்கால்களும், பின்வில்லுகள் பூட்டப்படும் இடங்களும் ஒன்றாக ஒட்டப்பட்ட தகட்டு உடலே பாரம் முழுவதையும் சுமக்கிறது. மட்காட்டுகள் போல்ட்டுப் பூட்டியவை, கழற்றி மாற்றிவிடலாம். கதவுக்குக் கீழுள்ள பெட்டிப்பகுதி உக்கியிருந்தாலோ, அதனை வெட்டுவதற்கு முன் காரைச் சரியான இடங்களில் முட்டுக்கொடுத்துச் சமநிலையில் நிறுத்த வேண்டும். இல்லையேல் உடல் தொய்ந்து, பிறகு கதவுகள் சட்டத்தில் பொருந்தாமற் போகும். ஆகவே இதனைத் 'தகடு மாற்றல்' என்றோ 'உடற்கட்டு வேலை' என்றோ சொல்வதுதான் பொருளுக்கு நேர்மையானது. 1990களில் மைனருக்கான உடற்தகடுகள் இலங்கையிலேயே செய்யப்பட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டிருக்கின்றன என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். இந்தக் கைத்திறன் நமக்கு அந்நியமானதல்ல.

இனி, இவ்வேலைகள் அனைத்தையும் உள்ளடக்கிய முழு முயற்சிக்கு, அதாவது இப்போது 'றெஸ்ரோர் பண்ணுவது' என்று சொல்லப்படுவதற்கு, என்ன பெயர் இடலாம்? வன்னியில் முதலில் நாவில் வருவது 'புனரமைப்பு'. குளம், வீதி, பாடசாலை எதுவானாலும் பெயர்ப்பலகையில் இந்தச் சொல்தான். மீண்டும் என்ற பொருளுடைய 'புனர்' என்ற வடசொல்லும் தமிழ் 'அமைப்பு'ம் சேர்ந்த கலவை அது. மீண்டும் அமைத்தல் என்பதற்கு மேல் எதனையும் அது கோருவதில்லை. மண் வீதி கொங்கிறீற் வீதியானாலும் புனரமைப்புத்தான். பழைய காரை நேசிப்பவருக்கு வேண்டியதோ, முன்பிருந்தபடியே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தன்னுள்ளே கொண்ட ஒரு சொல்.

நான் பரிந்துரைப்பது 'புதுக்கல்' அல்லது 'புதுக்குதல்'. புது என்பதன் அடியாகப் பிறந்த புதுக்கு என்ற வினைக்குப் பழுதுபார்த்துச் செப்பமாக்குதல் என்ற பொருள் உண்டு. கோயில்களின் பழுதைத் திருத்துவதற்கென விடப்பட்ட நிலம் கல்வெட்டுகளில் 'புதுக்குப்புறம்' எனப்படுகிறது. கட்டியவர் போன பின்னரும் கட்டடம் கெடாதிருக்க, அதற்கென்றே வருவாய் ஒதுக்கிய சமூகத்தின் சொல் அது. (புதுக்குடியிருப்பு என்ற நம்முடைய ஊர்ப்பெயருக்கும் இதற்கும் தொடர்பில்லை. அங்கே புது என்பதும் குடியிருப்பு என்பதும் புணர்ந்தபோது ககர ஒற்று மிகுந்திருக்கிறது, அவ்வளவுதான்.) புதுக்குதல் என்றால் புதியதாக்குவது அல்லவா, பழமையைக் காப்பது எப்படி அதில் அடங்கும் என்ற கேள்வி நியாயமானது. செங்கற் கோயில்களைக் கற்றளிகளாக, அதாவது கற்கோயில்களாக, மாற்றிய சோழ அரசி செம்பியன் மாதேவியின் காலத்திலும், திருக்கோடிகாவலில் பழைய கோயிலில் இருந்த கல்வெட்டுகளைப் புதிய சுவரில் மீளப் பொறித்து வைத்திருக்கிறார்கள். சுவர் மாறியபோதும் கோயிலின் அடையாளம் கைவிடப்படவில்லை. எஞ்சின் இலக்கமும் உடல் இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்று பழைய கார்க்காரர் பார்ப்பதும் இதே அக்கறையினால்தான்.

புதுக்கலிலிருந்து பிரித்து அறிய வேண்டியது, 'மொடிஃபை' என்று சொல்லப்படும் மாற்றியமைப்பு. 1961இல் மைனரின் கதவுத்தூணிலிருந்து எழுந்து, திரும்பும் திசையைக் காட்டும் கைகாட்டி நீக்கப்பட்டு, மின்னும் விளக்குகள் வந்தன. அதற்கு முற்பட்ட காரொன்றில் செயலிழந்த கைகாட்டியைத் திருத்தி மீண்டும் எழும்பச் செய்வது புதுக்கல். அதன் துவாரத்தைத் தகட்டால் மூடி விளக்குப் பூட்டுவது மாற்றியமைப்பு. 803 கன சென்ரிமீற்றர் எஞ்சினுடன் வந்த காருக்கு அதே குடும்பத்து 1098 எஞ்சினைப் பொருத்துவது இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஜப்பானிய எஞ்சினை ஏற்றுவதும், முன்சில்லுகளுக்கு டிஸ்க் பிறேக் போடுவதும் ஐயமின்றி மாற்றியமைப்பு. அது குற்றமுமல்ல; நாளாந்தம் ஏ9 வீதியில் ஓட வேண்டிய காருக்கு நல்ல பிறேக் அவசியம்.

வன்னி இதில் பெரிய அனுபவம் உடையது. போர் நாட்களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், சொட்டுப் பெற்றோலைக் காபரேட்டரில் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டியவை இந்தக் கார்களே. மண்ணெண்ணெயின் கரி படிந்து வால்வுகள் கெட்டன, எண்ணெய் நீர்த்தது, ஆயினும் நோயாளர்களும் பிரசவத் தாய்மாரும் வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அக்காலத்து ஏற்பாட்டின் தடயம் ஏதும் ஒரு காரில் எஞ்சியிருந்தால், அதனைக் கழற்றி எறியாமல் வைத்திருப்பதே புதுக்கல் என்று நான் கருதுகிறேன். தொழிற்சாலையிலிருந்து வந்த நாள் மட்டுமே ஒரு காரின் உண்மையான நாள் அல்ல.

ஆகவே கராச்சில் வேலையைக் கையளிக்கும்போது, 'முன் மட்காட்டில் ஒடுக்கெடுத்தல், இடப்பக்கக் கீழ்ப்பெட்டியில் தகடு மாற்றல், கைகாட்டி புதுக்கல், பிறேக் மாற்றியமைப்பு' என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே எழுதிக் கொடுப்பது இரு தரப்பாருக்கும் தெளிவு தரும். பட்டியலில் விலை குறிப்பதும் அப்போதுதான் முறையாக அமையும். இத்தொழில் செய்பவரைத் 'தகட்டுக் கம்மியர்' எனலாம். கம்மியர் என்பது சங்ககாலம் முதல் கைவினைஞரைக் குறிக்கும் சொல். வன்னியில் கொல்லரின் பட்டறைக்குக் கம்மாலை என்ற பெயர் இருப்பதால் அது காதுக்கு அந்நியமாகவும் ஒலிக்காது. நேரில் கூப்பிடும்போது வழங்கும் 'பாஸ்' என்ற விளி ஒல்லாந்தர் மொழியிலிருந்து வந்து சேர்ந்தது. தொழிலில் கைதேர்ந்தவர் என்ற மரியாதை அதில் ஊறியிருப்பதால், அதனை மாற்ற வேண்டிய தேவை எதுவும் இல்லை.